புல்லின் தாகம் முதலில் யாருக்குத் தெரியும்?



காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்க ஊர். கொஞ்சம் கொரங்காடு, ஒரு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, ஒரு போர், கட்டுத்தரையில் ஆறு உருப்படி. அவ்வளவுதான் நம்ம சொத்து. புல்லுக்குத் தண்ணி பத்தலைங்கிறதை நாம எப்போ தெரிஞ்சுக்கிறோம், உண்மையில் எப்போ தெரிஞ்சிருக்கணும், அதுக்கு இந்த சென்சார் என்கிற கருவிகள் கை கொடுக்குமா என்பதைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருசத்துக்கு முன்னாடி ஒரு வைகாசி மாதம். தீவனச்சோளம் விதைச்சு முப்பத்தஞ்சு நாள் இருக்கும். போரில் தண்ணி குறைஞ்சு, அந்தப் பாத்திக்கு ஒரு வாரமாகத் தண்ணி விட முடியலை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பயிர் வாடி நிற்கிறது. 'காய்ஞ்சு வீணாப் போறதுக்கு அறுத்துப் போட்டுடலாம்' என்று ரெண்டு கட்டு அறுத்துப் போட்டேன். மூணாவது ஈத்துப் பால்மாடு ஒண்ணு, அதுதான் முந்திக்கிட்டுத் தின்னது. அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கியது. வாயில் நுரை தள்ளி, கால் தடுமாறி விழுந்தது. டாக்டர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வாட்டம் கண்ட இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறும் என்பது எனக்குத் தெரியாத விசயம் இல்லைங்க. எங்க அப்பாரு நூறு தடவை சொன்னதுதான். எனக்குத் தெரியாமல் போனது வேறு ஒன்று: அந்தப் பயிர் எத்தனை நாளாகத் தாகத்தில் நின்றது என்பது. என் கண்ணுக்கு அன்னைக்குச் சாயங்காலம்தான் வாடியது. பயிர் அதுக்கு நாலு நாள் முன்னாடியே தவிச்சுக்கிட்டு இருந்திருக்கிறது.

புல்தரையில் பார்த்தது

அக்கா பையன் கோயம்புத்தூரில் புல்தரை பராமரிக்கிற வேலையில் இருக்கிறான். ஒரு சித்திரை வெயிலில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்தரை, சுத்திச் சுத்தித் தெளிப்பான் ஓடுது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன்டா மாப்ள, அங்க மாட்டுக்குக் காட்டத் தண்ணி இல்லாம நாங்க திண்டாடறோம். இங்க அழகுக்கு வளர்க்கிற புல்லுக்கு இப்படி ஊத்தறீங்களே?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. இது சுத்திகரிச்ச கழிவுத் தண்ணிதான். அதையும் அளந்துதான் விடறோம். இந்தாங்க, இதைப் பிடிங்க" என்று துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கையில் கொடுத்தான். விசையை அமுக்கினால் எதிரில் இருக்கிற பொருளின் சூட்டைத் தொடாமலே காட்டுகிறது.

புல்தரையின் ஒரு பக்கம் காட்டினேன், 33 டிகிரி. பத்தடி தள்ளி இன்னொரு பக்கம் காட்டினேன், 38. ரெண்டு பக்கமும் என் கண்ணுக்கு ஒரே பச்சைதான்.

"என்ன மாப்ள, கருவி கோளாறா?"

"கருவி சரியாத்தான் இருக்குதுங்க மாமா. நாளான்னைக்கு வந்து பாருங்க, இந்தப் பக்கம் பச்சை மங்கி ஒரு நீலம் பூத்திருக்கும். நடந்தா கால் தடம் அப்படியே நிக்கும். அன்னைக்குத்தான் அது உங்க கண்ணுக்குத் தெரியும். சூட்டுக்கு இன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

எனக்கு அங்கேயே மனசில் பட்டது. அந்தச் சோளப்பாத்தியில் எனக்கு இல்லாமல் போனது இந்த ரெண்டு நாள்தான்.

குனிந்து அந்தப் புல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். பேர் என்னவோ பெர்முடா புல்லாம். கணு, ஓடுகொடி, பூங்கதிர் எல்லாம் நம்ம அருகம்புல்தான்! நாம களைன்னு கொத்தி எறிகிற அருகம்புல்லும் அதன் ஒட்டு ரகங்களும்தான் உலகத்தின் வெப்பமான நாடுகளில் மைதானத்துப் புல். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இந்த அருகம்புல்லில் மாட்டுத் தீவன ரகம், மைதான ரகம் ரெண்டையும் உருவாக்கினார். 1943இல் கோஸ்டல் என்கிற தீவன ரகம், 1960இல் டிஃப்வே என்கிற மைதான ரகம்.

அதே பர்ட்டன்தான் கம்பிலும் வேலை செய்தார். அவர் கொடுத்த டிஃப்ட் 23ஏ என்கிற ஆண்மலட்டுக் கம்பை வைத்துத்தான் 1965இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி. 1 வந்தது. விளைச்சல் கூடியது உண்மை. நாடு முழுக்க ஒரே தாய் வழியில் வந்த கம்பாக ஆனதால் 1970களில் அடிச்சாம்பல் நோய் வந்து வாரிக்கொண்டு போனதும் உண்மை. இதை எதுக்குச் சொல்றேன்னா, மைதானப் புல்லும் நம்ம கம்பும் சோளமும் கம்பு நேப்பியரும் ஒரே புல் குடும்பம். தாகம் எடுத்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அங்கே கற்ற பாடம் நம்ம பாத்திக்கும் பொருந்தும்.

தாகம் எடுத்தால் புல் என்ன செய்யும்?

இதை வரிசையாக மனசில் பதிய வைத்துக்கொண்டால் சென்சார் விசயம் பாதி புரிந்துவிடும்.

முதலில் மண். வெயில் ஏற ஏற வேரைச் சுற்றி இருக்கிற ஈரம் குறைகிறது. மீதி இருக்கிற தண்ணியை மண் துகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் தண்ணி இருந்தாலும், வேர் அதை இழுக்கப் படுகிற பாடு நாளுக்கு நாள் கூடும்.

ரெண்டாவது, இலையின் வாய். இலை பூராவும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. இலைத்துளை என்று சொல்வார்கள். அது வழியாகத்தான் காற்றை உள்ளே வாங்குது, நீராவியை வெளியே விடுது. நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்கிற மாதிரி, நீராவி போகிறதால் இலை குளிர்ச்சியாக இருக்கும். தண்ணி பத்தாதபோது புல் அந்தத் துளைகளை மூடிக்கொள்ளும். வேர்வை நின்றால் சூடு ஏறுமா இல்லையா? இலையிலும் அதேதான்.

மூணாவது, இலைக்குள் இருக்கிற விறைப்பு குறையும். புல் இலையின் மேல்பக்கம் வரிசையாக இருக்கிற பெரிய செல்கள் தண்ணியை இழந்து சுருங்க, இலை குழாய் மாதிரி சுருளும். சோளத்திலும் கம்பு நேப்பியரிலும் மத்தியானம் பார்க்கிறோமே, அதுதான். விறைப்பு இல்லாததால் மிதித்த புல் நிமிராது, கால் தடம் நிற்கும். பச்சை மங்கி நீலச் சாம்பல் பூக்கும்.

நாலாவது, பச்சையமே சிதைந்து மஞ்சளாகி, கடைசியில் பழுப்பாகும்.

நம்ம கண்ணு மூணாவது கட்டத்தில்தான் முழிக்கிறது. வேலைப்பளுவில் நாலாவது கட்டத்தில் முழிப்பவர்களும் உண்டு. முதல் ரெண்டு கட்டத்தில் சேதி சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சென்சார்.

முதல் சாட்சி: மண்

மண்ணின் ஈரத்தைச் சொல்கிற கருவிகளில் எனக்குப் பிடித்தது டென்சியோமீட்டர். பேட்டரி கிடையாது, செல்போன் கிடையாது. ஒரு குழாய், அதன் அடியில் நுண்துளை உள்ள பீங்கான் கிண்ணம், மேலே ஒரு அளவுமானி. குழாயில் காய்ச்சி ஆற வைத்த தண்ணியைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, வேர் இருக்கிற ஆழத்தில் ஊன்றி வைக்க வேண்டியதுதான். மண் காய்ந்தால் பீங்கான் வழியாகத் தண்ணியை உறிஞ்சும். குழாய்க்குள் உண்டாகிற அந்த இழுப்பை முள் காட்டும். வேர் எவ்வளவு சிரமப்பட்டுத் தண்ணி இழுக்கிறதோ, அதே சிரமத்தை இந்தக் கருவியும் பட்டுச் சொல்கிறது.

முள் 0 முதல் 10 சென்டிபாருக்குள் இருந்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது, வேருக்குக் காற்று பத்தாது. 10 முதல் 30 வரை நல்ல ஈரம். மணல் கலந்த செம்மண்ணில் 30, 40 வந்தாலே தண்ணி விட யோசிக்க வேண்டும். களிமண்ணில் 50, 60 வரைக்கும் பொறுக்கலாம். 80ஐத் தாண்டினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து கருவி வேலை செய்யாது, மறுபடி தண்ணி நிரப்ப வேண்டும். பீங்கானைச் சுற்றி மண் நன்றாக ஒட்டியிருப்பது முக்கியம். இடைவெளி இருந்தால் பொய் சொல்லும். சொட்டுநீர்ப் பாத்தியில் சொட்டுவானுக்கு நேர் கீழே ஊன்றாமல் அரையடி தள்ளி ஊன்ற வேண்டும்.

முடிந்தால் ரெண்டு வாங்குங்க. ஒன்றை ஒரு அடி ஆழத்தில், இன்னொன்றை ரெண்டு அடி ஆழத்தில். மேலே இருப்பது எப்போ மோட்டார் போட வேண்டும் என்று சொல்லும். கீழே இருப்பது எப்போ நிறுத்த வேண்டும் என்று சொல்லும். நம்மில் பலபேர் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கிறோம்.

அடுத்தது மின்சாரத்தில் ஓடுகிற சென்சார். இதில் ரெண்டு வகை. ரெண்டு முள்ளுக்கு நடுவில் மண் வழியாக மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது ஒரு வகை. விலை ரொம்பக் குறைவு. நானும் ஆசைப்பட்டு வாங்கி ஊன்றினேன். எங்க போர் தண்ணி உப்பு. உப்பு இருந்தால் மின்சாரம் நல்லா ஓடும், அதனால் அது எப்பவும் 'ஈரம் இருக்கு' என்றே காட்டியது. பக்கத்தில் புல் சுருண்டு நிற்கிறது, கருவி ஈரம் என்கிறது! ஒரு மாசத்தில் முள் ரெண்டும் அரித்துத் தீர்ந்தே போனது. உப்புத் தண்ணிக்காரர்கள் இந்த வகைப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொரு வகை, மண் மின்னூட்டத்தை எவ்வளவு தேக்கி வைக்கிறது என்று பார்ப்பது. இந்தத் தேக்கும் குணம் காற்றுக்கு 1 என்றால் காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, தண்ணிக்கு 80. மண்ணில் தண்ணி கொஞ்சம் கூடினாலும் அளவு எகிறிவிடும். புல்தரைக்காரர்கள் குத்திப் பார்க்கிற விலை கூடிய கருவிகளும் தண்ணிக்கு உள்ள இந்தக் குணத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. உப்பு இதையும் கொஞ்சம் குழப்பும், ஆனால் முந்தியது அளவுக்கு இல்லை.

எது வாங்கினாலும் நம்ம மண்ணுக்குப் பழக்க வேண்டும். ஒரு பக்கெட்டில் நம்ம காட்டு மண்ணை வெயிலில் காயவைத்து ஒரு அளவு எடுங்க. அடியில் ஓட்டை போட்ட பக்கெட்டில் அதே மண்ணை நிரப்பி, தண்ணி ஊற்றி, ஒரு நாள் வடியவிட்டு இன்னொரு அளவு எடுங்க. இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் உங்க புல்லின் வாழ்க்கை. கம்பெனி பெட்டியில் அச்சடித்த எண் வேறு எந்த மண்ணுக்கோ எழுதியது.

எண்ணெல்லாம் வேண்டாம், விளக்கு எரிந்தால் போதும் என்பவர்களுக்குக் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இருக்கிறது. மண்ணில் குத்தினால் நீல விளக்கு எரிந்தால் ஈரம் நிறைய, பச்சை எரிந்தால் போதுமான ஈரம், ஆரஞ்சு என்றால் தண்ணி விடுகிற நேரம், சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். கரும்புக்காகச் செய்தது என்றாலும் கரும்பும் புல் சாதிதானே!

ரெண்டாம் சாட்சி: இலையின் சூடு

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் ஃபீனிக்ஸ் நகரத்து நீர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இட்ஸோ, ஜாக்சன் என்ற விஞ்ஞானிகளும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 1981இல் பயிரின் சூட்டை வைத்தே அதன் தாகத்தை அளக்கிற கணக்கை வெளியிட்டார்கள். தண்ணி தாராளமாகக் கிடைத்த பயிர், வறண்ட காற்றில் சுற்றியிருக்கிற காற்றை விடப் பல டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். துளை மூடின பயிர் காற்றை விடச் சூடாகும். இந்த ரெண்டு எல்லைக்கு நடுவில் நம்ம பயிர் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

பெரிய கணக்கு போடத் தெரியாத எனக்கு மாப்பிள்ளை ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தான். பாத்தியின் ஒரு மூலையில் பத்துக்குப் பத்தடி இடத்துக்கு மட்டும் எப்பவும் குறையாமல் தண்ணி விடு. அது சாட்சிப் பாத்தி. மத்தியானம் 12லிருந்து 2 மணிக்குள், மேகமும் பலத்த காற்றும் இல்லாத நாளில், சாட்சிப் பாத்தியில் பத்து இடம், மத்த இடத்தில் பத்து இடம் அளந்து சராசரி பார். வித்தியாசம் 2 டிகிரி என்றால் கவனி. 4 டிகிரி என்றால் தண்ணி விடு. இது நான் என் காட்டுக்கு வைத்திருக்கிற கணக்கு. உங்க காட்டுக்கு நீங்களே பழகிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் செய்யக்கூடிய தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நான் செய்ததுதான். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்தக் கருவி இதற்கு ஆகாது. அது மனுச உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது. பொருளின் சூட்டை அளக்கிற தொழிற்சாலைக் கருவிதான் வேண்டும். அதன் மேல் 12:1 என்று போட்டிருந்தால், 12 அடி தள்ளி நின்றால் 1 அடி வட்டத்தின் சூட்டைச் சேர்த்துக் காட்டும் என்று அர்த்தம். அந்த வட்டத்துக்குள் வெறும் மண் தெரிந்தால் மண்ணின் சூடும் சேர்ந்துவிடும். வெயிலில் மண் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும், கணக்கு கெட்டுப்போகும். அதனால் கிட்டப் போய், சாய்வாக, இலை மட்டும் தெரிகிற மாதிரி காட்ட வேண்டும்.

இன்னொன்று. சூடு ஏறியது என்றால் தண்ணி இல்லை என்றுதான் அர்த்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 'இலைக்குத் தண்ணி வந்து சேரலை' என்றுதான் அர்த்தம். ஒரு தடவை என் பாத்தியில் ஒரு இடம் மட்டும் சூடாகவே இருந்தது. டென்சியோமீட்டர் 15 காட்டுகிறது, ஈரம் நன்றாக இருக்கிறது. தோண்டிப் பார்த்தால் வெள்ளை வேர்ப்புழு வேரைத் தின்று வைத்திருக்கிறது. தண்ணி தேங்கி வேர் அழுகினாலும் இதே கதைதான். மண்ணு ஈரம், இலை சூடு என்றால் மோட்டார் போடாதீங்க, மண்வெட்டியை எடுங்க.

மூன்றாம் சாட்சி: நிறம்

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அப்பால் நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். இந்த ரெண்டையும் அளந்து, அகச்சிவப்பில் சிவப்பைக் கழித்து, வருவதை ரெண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் வரும். என்.டி.வி.ஐ. என்பார்கள். 1ஐ நெருங்கினால் செழிப்பு, குறையக் குறைய வாட்டம். புல்தரைக்காரர்கள் வண்டியிலும் டிரோனிலும் கட்டி இதை அளக்கிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை நம்ம ஊரையும் படம் பிடிக்கின்றன. அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம கணக்கில் ரெண்டரை சென்ட்.

கொரங்காட்டுக்கு இது நல்லா உதவும். கொழுக்கட்டைப் புல் எந்த மூலையில் இன்னும் பச்சையாக இருக்கு, மாட்டை எந்தக் காட்டில் திருப்பலாம் என்று பார்க்கலாம். ஆனால் தண்ணி பாய்ச்சுகிற பாத்திக்கு இது தாமதமான சாட்சி. பச்சையம் குறைந்த பிறகுதான் எண் இறங்கும். பூச்சி வந்தாலும், தழைச்சத்துக் குறைந்தாலும், புல் முற்றினாலும் இறங்கும். வீடு எரிஞ்ச பிறகு வருகிற சேதி மாதிரி. 'டிரோன் வைத்து வாட்டத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம், ஏக்கருக்கு இவ்வளவு கொடுங்க' என்று யாராவது வந்தால், 'நிறத்தைப் பார்க்கிறீங்களா, சூட்டைப் பார்க்கிறீங்களா?' என்று ஒரு கேள்வி கேளுங்க.

என் தோட்டத்தில் செய்து பார்த்தது

இருபது சென்ட் கம்பு நேப்பியரை ரெண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் தோகையும் தென்னை மட்டைத் தூளும் போட்டு நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு, மாதம் ரெண்டு முறை ஜீவாமிர்தம். இன்னொரு பாதிக்கும் அதே ஜீவாமிர்தம், ஆனால் வெறும் தரை. ரெண்டிலும் ஒரே ஆழத்தில் டென்சியோமீட்டர். ரெண்டுக்கும் ஒரே நாள், ஒரே அளவு தண்ணி விட்டேன்.

பங்குனி வெயிலில் வெறும் தரையில் நாலாம் நாள் முள் 40ஐத் தொட்டது. மூடாக்கில் ஏழாம் நாள்தான் தொட்டது. நாலாம் நாள் மத்தியானம் வெறும் தரைப் புல் சூடு ஏறிக் கிடக்க, மூடாக்குப் புல் சாட்சிப் பாத்தியோடு ஒட்டி நின்றது. என் ஒரு தோட்டத்து அளவுதாங்க இது, ஊருக்கே பொருந்தும் என்று சொல்ல வரலை. ஆனால் மூடாக்கு போடச் சொல்லி எத்தனையோ கூட்டத்தில் கேட்டு, சோம்பேறித்தனத்தில் விட்ட என்னை, அந்த முள்தான் திருத்தியது.

தண்ணிக் கணக்கையும் பாருங்க. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் தண்ணி என்றால் சுமார் 4,000 லிட்டர். கோடையில் செழித்த புல் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் குடிக்கும். தேவையில்லாமல் ஒரு நாள் முந்தி மோட்டார் போட்டால் எவ்வளவு தண்ணி வேருக்குக் கீழே இறங்கி வீணாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

கருவி வாங்க முடியாதவர்களுக்கு

காசு இல்லையா, கவலை வேண்டாம். அந்தந்தச் சாட்சிக்கு நம்ம உடம்பிலேயே ஒரு சென்சார் இருக்கிறது.

மண்ணுக்கு: மேல் மண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. ஒரு அடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் உருட்டுங்க. உருண்டை பிடித்து, கையில் ஈரம் ஒட்டினால் போதுமான தண்ணி. உருண்டை பிடித்தும் விரலால் தட்டினால் உதிர்ந்தால் தண்ணி விடுகிற நேரம். பிடிக்கவே இல்லை என்றால் நேரம் தாண்டிவிட்டது. சுத்த மணலில் இது சரியாக வராது.

சூட்டுக்கு: மத்தியானம் நிழலில் கையை ஆற்றிவிட்டு, சாட்சிப் பாத்தி இலையையும் மத்த இலையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்க. பழகினால் வித்தியாசம் தெரியும்.

விறைப்புக்கு: காலையில் போங்க. மத்தியானம் இலை சுருளுவது வெயிலுக்கும் இருக்கலாம். காலை எட்டு மணிக்கும் இலை விரியாமல் சுருண்டிருந்தால் அது நிஜமான தாகம். அருகம்புல் வரப்பில் நடந்து திரும்பிப் பாருங்க, தடம் நின்றால் புல் சோர்ந்திருக்கிறது.

மாட்டுக்காக ஒரு எச்சரிக்கை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்கணும் என்றால் இதை வையுங்க. தாகத்தில் நின்ற இளஞ்சோளம், வெட்டின பிறகு துளிர்த்த மறுதாம்புச் சோளம், வறட்சிக்குப் பின் முதல் மழையில் குபுகுபுவென்று துளிர்த்த சோளம், மூன்றுமே ஆபத்து. பூக்கும் பருவம் வரும்வரை பச்சையாகப் போட வேண்டாம். நன்றாகக் காயவைத்துத் தட்டாகப் போட்டால் அந்த நஞ்சு பெருமளவு குறையும். கம்பு, நேப்பியரில் அந்த நஞ்சுப் பயம் இல்லை. ஆனால் தழைச்சத்து அதிகம் போட்டு வறட்சியில் நின்ற புல்லில் நைட்ரேட் தேங்கும். அது காயவைத்தாலும் போகாது. அந்த மாதிரி நேரத்தில் அடித்தண்டைத் தவிர்த்து, உலர்தீவனத்தோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்க. சோளம் தின்ற மாட்டுக்கு மூச்சு வாங்கினால் கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீங்க. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க, 'சோளம் தின்னுது' என்று போனிலேயே சொல்லிவிடுங்க. மாற்று மருந்து ஊசி அவர்களிடம் உண்டு. நிமிடக் கணக்கில்தான் உயிர் நிற்கும்.

இப்போ என் நோட்டில் ஒவ்வொரு தீவனப் பாத்திக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. தேதி, முள் காட்டிய அளவு, மத்தியானச் சூடு, தண்ணி விட்ட நேரம். எந்தப் பாத்தி எத்தனை நாள் தாகத்தில் நின்றது என்று அறுவாளை எடுக்கும் முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். அன்று அந்த நோட்டு இருந்திருந்தால் என் மாடு இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. மாதாமாதம் காசு கட்டினால்தான் அளவு காட்டும், கம்பெனியே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் என்கிற ஏற்பாடுகளும் வந்துவிட்டன. விதையைக் கைவிட்ட மாதிரி இதையும் கைவிட்டுவிடக் கூடாது. அளவு நம்ம நோட்டில் இருக்கணும், மோட்டார் சுவிட்சு நம்ம கையில் இருக்கணும். ரெண்டு கோடை கருவியும் கையுமாக நடந்தால், மூணாவது கோடையில் கருவி காட்டும் முன் நம்ம கையே சொல்லிவிடும். எனக்கு இப்போ பாதி நாள் அப்படித்தான் ஆகிறது. மீதி நாளைக்கு அந்த முள் இருக்குது.

உங்க ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டென்சியோமீட்டரும் ஒரு சூடு பார்க்கிற கருவியும் வாங்கி, முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்க. அளவைக் குறித்து வையுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் பார்த்துப் பேசலாம்.